பூஜ்ஜிய வளையத்தின் விருந்தாளிகள்

கணினிக் களவு என்றதும், வெளியிலிருந்து வருகிற ஒருவன் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே நுழையும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். திரைப்படங்கள் கற்றுக்கொடுத்த காட்சி அது. ஆனால் நுழைவது முதற்படி மட்டுமே. திண்ணையோடு நிற்க வேண்டிய ஒருவன் வீட்டின் எஜமானனாவது எப்படி என்பதே இத்துறையின் நீண்ட கதை. பொறியாளர்கள் அதற்கு இட்டிருக்கும் பெயர் 'அதிகார உயர்வு'. அக்கதையின் ஒரு கிளையை, டிரைவர் எனப்படும் சிறு நிரல்களைச் சுற்றிப் படர்ந்த கிளையை, இங்கே சொல்லிப் பார்க்கலாம்.

இயங்குதளத்தின் மையப் பகுதிக்குக் கர்னல் என்று பெயர். நினைவகம் முழுவதும் அதற்குத் திறந்திருக்கும். எந்த நிரல் ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பதும் அதுவே. நாம் அன்றாடம் புழங்கும் மென்பொருள்கள் வன்பொருளை நேரடியாகத் தொட முடியாது. கர்னலிடம் விண்ணப்பித்தே எதையும் பெற வேண்டும். அச்சு இயந்திரம், ஒலி அட்டை, வரைகலை அட்டை என ஒவ்வொன்றின் மொழியையும் கர்னல் அறிந்திருக்க இயலாது. ஆகவே அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் தாமே ஒரு துபாஷி நிரலை எழுதித் தருகின்றன. அதுதான் டிரைவர். துபாஷி என்ற சொல்லைக் காரணத்தோடுதான் இடுகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்கு ஒரு துபாஷியின் செல்வாக்கு எவ்வளவு என்று விளக்க வேண்டியதில்லை.

அதிகாரத்தை எப்படிப் பங்கிடுவது என்று ஆழ்ந்து யோசித்த முன்னோடிகள், 1960களில் மல்டிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர்கள். எம்.ஐ.டி., பெல் ஆய்வகம், ஜெனரல் எலக்ட்ரிக் ஆகிய மூன்றும் சேர்ந்து தொடங்கிய முயற்சி அது. அவர்கள் கண்ட வடிவம் வளையங்கள். நடுவில் பூஜ்ஜிய வளையம்; அங்கே சர்வ அதிகாரம். கோவில் பிராகாரங்களைப் போல, வெளியே வர வர அதிகாரம் குறையும். முதலில் பயன்பட்ட ஜி.இ. 645 இயந்திரத்தில் இவ்வளையங்களை மென்பொருளால் போலச்செய்ய வேண்டியிருந்தது. பின்னர் வந்த ஹனிவெல் 6180இல் 8 வளையங்கள் வன்பொருளிலேயே அமைந்தன.

1974இல் அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த பால் கார்கரும் ரோஜர் ஷெல்லும் மல்டிக்ஸைத் தாமே தாக்கிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். இன்று வாசித்தாலும் வியப்பளிக்கும் ஆவணம் அது. அவர்கள் கண்ட குறைகளுள் ஒன்று இது: வெளி வளையத்து நிரல் ஒரு முகவரியைக் கொடுத்து, 'இங்கே எழுது' என்று உள் வளையத்தைக் கேட்கிறது. அந்த முகவரி கேட்பவனுக்கு உரியதுதானா என்று உள் வளையம் சரிபார்த்தாக வேண்டும். அச்சரிபார்ப்பு போதாத இடத்தில், அதிகாரமற்றவன் அதிகாரம் உள்ளவனின் கையைப் பிடித்துத் தான் விரும்பியதை எழுதவைத்துவிடுகிறான். அரை நூற்றாண்டாகக் கர்னல் டிரைவர்களில் கண்டறியப்பட்டு வரும் ஓட்டைகளில் மிகப் பலவற்றை இந்த விவரணையின் கீழேயே அடக்கிவிடலாம்.

எனில், வளையங்கள் என்னவாயின? டிஜிட்டல் நிறுவனத்தின் வாக்ஸ் கணினியில் நான்கு படிநிலைகள் இருந்தன, அதன் வி.எம்.எஸ். இயங்குதளம் நான்கையும் பயன்படுத்தியது. இன்டெல் 1982இல் வெளியிட்ட 80286 சில்லிலும் நான்கு வளையங்கள் உண்டு. வி.எம்.எஸ்.ஸை வடிவமைத்தவர்களில் ஒருவரான டேவ் கட்லர் 1988இல் மைக்ரோசாஃப்டுக்குச் சென்று விண்டோஸ் என்.டி.யை உருவாக்கினார். அதில் இரண்டே வளையங்கள்: சர்வ அதிகாரம், அல்லது சாதாரணம். காரணம் அலட்சியமன்று. என்.டி. பலவகைச் சில்லுகளிலும் ஓட வேண்டும் என்பது திட்டம்; மிப்ஸ் போன்ற சில்லுகளில் நான்கு வளையங்கள் கிடையா. நடைமுறை நியாயம் உள்ள முடிவுதான். ஆனால் அன்றோடு டிரைவரைக் கர்னலுக்கு ஒரு படி தள்ளி நிறுத்த இடமில்லாமல் போயிற்று. ஒலி அட்டை செய்யும் நிறுவனத்தில் அவசரமாக எழுதப்பட்ட நிரல், கட்லரின் குழு எழுதிய நிரலுக்குச் சரிசமமாகப் பூஜ்ஜிய வளையத்தில் அமர்ந்தது. லினக்ஸிலும் இதே ஏற்பாடுதான். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2001இல் லினக்ஸ் கர்னலைத் துழாவியபோது, டிரைவர்களில் பிழை விகிதம் பிற பகுதிகளைவிட 3 முதல் 7 மடங்குவரை மிகுந்திருக்கக் கண்டார்கள்.

அடுத்த முடிவைத்தான் என்னால் அவ்வளவு எளிதாக மன்னிக்க முடிவதில்லை. 1996இல் வெளிவந்த என்.டி. 4.0இல், வேகத்துக்காகச் சாளரங்களையும் எழுத்துருக்களையும் வரையும் பகுதியையே கர்னலுக்குள் கொண்டுபோனார்கள். எழுத்துரு என்பது நமக்கு அழகியல் விஷயம். கணினிக்கோ அது ஒரு சிறு நிரல். ஒவ்வோர் எழுத்தையும் எப்படி வளைக்க வேண்டும், எங்கே திருத்த வேண்டும் என்ற கட்டளைகளை உள்ளடக்கியது. யாரோ ஒருவர் அனுப்பும் கோப்புக்குள் இருக்கும் எழுத்துருவை, சர்வ அதிகாரம் கொண்ட பகுதி திறந்து படித்தது. 2011இல் புடாபெஸ்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் க்ரைசிஸ் ஆய்வகம் ஆராய்ந்து வெளிப்படுத்திய டூக்கு என்னும் உளவு நிரல் இவ்வழியாகவே நுழைந்திருந்தது. ஒரு வேர்டு ஆவணம். அதற்குள் ஓர் எழுத்துரு. அதற்கு 'டெக்ஸ்டர்' என்று பெயரிட்டு, அத்தொலைக்காட்சித் தொடரை ஒளிபரப்பிய ஷோடைமின் பெயரில் காப்புரிமைக் குறிப்பும் சேர்த்திருந்தார்கள். கொலைகாரனை நாயகனாகக் கொண்ட தொடர் அது. உளவாளிகளுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போலும். எழுத்துருவைப் படிக்கும் வேலையை விண்டோஸ் 10 காலத்தில்தான் மீண்டும் கர்னலுக்கு வெளியே அனுப்பினார்கள்.

இதற்கிடையே மைக்ரோசாஃப்ட் ஒரு காவலை ஏற்படுத்தியிருந்தது. 2007இல் கடைக்கு வந்த விஸ்டாவின் 64 பிட் பதிப்பில், எண்முறைக் கையொப்பம் இல்லாத டிரைவர் கர்னலுக்குள் ஏற முடியாது. நல்ல ஏற்பாடு. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட்டை இயற்றியவர்கள், ரியல்டெக், ஜேமைக்ரான் என்ற இரு தைவான் நிறுவனங்களின் கையொப்பச் சாவிகளைத் திருடித் தம் டிரைவர்களில் கையொப்பமிட்டிருந்தார்கள். கையொப்பத்துக்கு மதிப்பு இருந்தது என்பதற்கு அந்தத் திருட்டே சான்று.

ஆனால் கையொப்பம் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடையளிக்கும்: இதை எழுதியது யார்? எழுதியது ஒழுங்காக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. 2016 செப்டம்பரில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 என்ற விளையாட்டுக்குக் கேப்காம் நிறுவனம் ஒரு மேம்பாட்டை அனுப்பியது. ஏமாற்றி விளையாடுபவர்களைத் தடுக்க அதில் ஒரு டிரைவர் இருந்தது. வெளி வளையத்துக் கட்டளைகளைக் கர்னல் தவறியும் நிறைவேற்றாதிருக்க இன்டெல் சில்லுக்குள்ளேயே ஒரு தடுப்பை வைத்திருக்கிறது. கேப்காம் டிரைவர் அந்தத் தடுப்பை அணைக்கும். கேட்பவர் யாராயினும் அவர் கொடுத்த கட்டளைகளைச் சர்வ அதிகாரத்தோடு நிறைவேற்றும். பிறகு தடுப்பை மீண்டும் போட்டுவைக்கும். எதிர்ப்பு எழுந்ததும் நிறுவனம் அதை விரைவிலேயே திரும்பப் பெற்றது. ஆனால் கையொப்பமிட்ட பிரதிகள் உலகில் உலவத் தொடங்கிவிட்டன. கையொப்பமிட்ட டிரைவர் ஒன்றைத் திரும்பப் பெறுவதென்பது, அச்சாகி விற்றுத் தீர்ந்த நூலைத் திரும்பப் பெறுவது போலத்தான்.

இவ்விடத்தில்தான் கதை திசை மாறுகிறது. தாக்குபவனுக்குத் தேவையான ஓட்டை, தாக்கப்படும் கணினியில் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஓட்டையுள்ள பழைய டிரைவர் ஒன்றைத் தன் பையிலேயே எடுத்துவந்து, உள்ளே ஏற்றி, பிறகு அதை உடைக்கலாம். ஓரளவு நிர்வாகி உரிமை கிடைத்தால் போதும். எஞ்சியதைக் கையொப்பம் பார்த்துக்கொள்ளும். கிகாபைட் நிறுவனத்தின் டிரைவர் ஒன்று, நினைவகத்தில் எங்கும் எழுத வழிவிடும் குறையுடையது என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. 2020இல் ராபின்ஹூட் என்ற பணயத் தீநிரல் அதையே கூட்டிவந்தது. அந்த டிரைவரைக் கொண்டு கையொப்பச் சோதனையையே அணைத்து, தன் சொந்த டிரைவரை ஏற்றி, நச்சுநிரல் எதிர்ப்பு மென்பொருள்களைக் கொன்று, பிறகு கோப்புகளைப் பூட்டியது. இதே ராபின்ஹூட் 2019 மே மாதத்தில் பால்டிமோர் நகராட்சியைத் தாக்கியபோது, வீட்டு விற்பனைப் பதிவுகளும் தண்ணீர்க் கட்டணமும் முடங்கின. நகரம் மதிப்பிட்ட இழப்பு சுமார் 1.8 கோடி டாலர்.

டெல் நிறுவனத்தின் கதை இன்னும் துயரமானது. 2009 முதல் தன் கணினிகளோடு அது வழங்கிவந்த ஒரு டிரைவரில் ஓட்டைகள் இருப்பது 2021 மே மாதத்தில் வெளியானது. கோடிக்கணக்கான கணினிகள் சம்பந்தப்பட்டவை. திருத்தமும் வந்தது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்திலேயே, வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழு அந்தப் பழைய டிரைவரைக் கையிலெடுத்தது. குறிவைக்கப்பட்டவர்கள் நெதர்லாந்தில் ஒரு விண்வெளித்துறை நிறுவன ஊழியரும், பெல்ஜியத்தில் ஓர் அரசியல் பத்திரிகையாளரும். அமேசானில் வேலை என்று சொல்லும் ஆவணம் வந்தது. டிரைவர் வழியாகக் கர்னலின் நினைவகத்தில் கைவைத்து, கணினியில் நடப்பதைப் பாதுகாப்பு மென்பொருள்கள் கண்காணிக்க உதவும் 7 வழிமுறைகளை அணைத்தார்கள். ஒரு பத்திரிகையாளரின் கணினியில் என்னென்ன பெயர்கள் இருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

கையொப்பத்தையே செல்லாததாக்கிவிடலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். அதே சான்றிதழால் கையொப்பமிட்ட நல்ல டிரைவர்களும் அத்துடன் செல்லாதவையாகிவிடும். எங்கோ ஒரு மருத்துவமனையிலோ தொழிற்சாலையிலோ ஓடிக்கொண்டிருக்கும் பழைய கணினி மறுநாள் காலை எழாமல் போகலாம். அந்த அச்சத்தால் மைக்ரோசாஃப்ட் தேர்ந்த வழி, தீய டிரைவர்களின் பெயர்ப்பட்டியல். பட்டியலில் உள்ளவை மட்டும் தடுக்கப்படும். மற்ற அனைத்தும் முன்போல் உள்ளே வரலாம். விண்டோஸ் 11இன் 2022 மேம்பாட்டிலிருந்து இது இயல்பாகவே இயங்கும்படி செய்யப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஆய்வாளர்கள் சோதித்தபோது, விண்டோஸ் 10 கணினிகளுக்கு அந்தப் பட்டியலின் புதிய பதிப்புகள் நெடுங்காலமாகப் போய்ச் சேரவேயில்லை என்று தெரியவந்தது.