கேளாமல் போட்ட கணக்கு

உக்குவளை என்றால் பலருக்கும் 1976இல் இயங்கத் தொடங்கிய மின்நிலையமே நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருபவை தோட்டத்து லயன்கள்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 975,000 பேரைப் பங்கிட்டது. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமாம்! (1974இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்தார்கள்.) பங்கிடப்பட்டவர்களின் விருப்பத்தை எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. தொண்டமானின் எதிர்ப்பும் எடுபடவில்லை.

2016இல் மனோரி முத்தெட்டுவகம தலைமையிலான நல்லிணக்கக் கலந்தாலோசனைச் செயலணி மக்களிடமே சென்றது. பொதுக்கூட்டங்களோடு சிறு குழுக் கலந்துரையாடல்களையும் நடத்தியது. ஏழாயிரத்துக்கும் அதிகமான கருத்துகள் திரண்டன. மலையகத் தமிழரின் குறைகளும் பதிவாயின. 2017 ஜனவரி 3இல் அறிக்கையைப் பெற ஜனாதிபதியும் வரவில்லை, பிரதமரும் வரவில்லை. பெற்றுக்கொண்டவர் சிறிமாவின் மகள் சந்திரிகா.