அச்சத்தின் அளவுகோல்

எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்த தொல்காப்பியர், தெய்வம், விலங்கு, கள்வர் ஆகியவற்றோடு தம்மை ஆளும் இறையையும் அதன் நிலைக்களனாகச் சுட்டுகிறார். காக்கக் கடவோரே அஞ்சத்தக்கோர் ஆதலும் உண்டு என்பதை நம் இலக்கணம் அறிந்திருந்தது. அந்த நான்காம் அச்சத்தோடு கடல் கடந்த ஈழத்தமிழர், பிரித்தானிய விமான நிலைய வாயிலில் எதிர்கொள்ளப்பட்ட வரலாறு நாம் அறியத்தக்கது.

1983 ஆடிக் கலவரத்தின் பின் அந்நாட்டை நாடியோர் தொகை பெருகியது. 1985இல் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. பொதுநலவாய நாடொன்றின் மக்களுக்குப் பிரித்தானியா அவ்வாறு விதித்தது அதுவே முதன்முறை. உயிருக்கு அஞ்சி ஓடுவோர் தூதரக வரிசையில் நின்று இசைவு பெறுதல் எளிதன்று. உரிய தாள்களின்றியே பலர் வந்திறங்கினர்.

1987 பிப்ரவரியில், ஹீத்ரோவில் புகலிடம் மறுக்கப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழர், திருப்பி அனுப்பப்படவிருந்த வேளையில், விமானம் நிற்கும் தளத்திலேயே ஆடைகளைக் களைந்து உள்ளாடையோடு நின்றனர். மானத்தை உயிரினும் மேலாகப் போற்றும் மரபினர் அவ்வாறு நின்றமையே அவர்தம் அச்சத்தின் ஆழத்தை உரைத்தது. நீதிமன்றம் தலையிட்டது, பயணம் நின்றது.

அவ்வாண்டே புதிய சட்டமொன்று பிறந்தது. உரிய ஆவணமற்ற பயணி ஒருவரை ஏற்றிவரும் நிறுவனம் 1,000 பவுண் செலுத்த வேண்டுமென்றது அது. இதனால் எல்லையே இடம்பெயர்ந்தது எனலாம். புறப்படும் ஊரில் பயணச்சீட்டைச் சரிபார்க்கும் ஊழியரே காவலரானார். வந்து சேர்ந்தோருள் சிலர் ஹாரிச் துறைமுகத்தில், தடுப்பிடமாக்கப்பட்ட 'ஏர்ல் வில்லியம்' என்னும் கப்பலில் வைக்கப்பட்டனர். 1987 அக்டோபர்ப் புயலில் அக்கப்பல் கட்டறுந்து மிதந்தது. வான்வழி வந்தோர்க்கு நிலமும் இல்லை, நங்கூரமும் இல்லை என்னும் நிலை.

இதனிடையே, அச்சம் என்பது யாது என்னும் வினா நீதிமன்றம் ஏறியது. அஞ்சுவோரின் உள்ளமே சான்றாகுமா, புறநிலையில் அதற்கு ஆதாரம் வேண்டுமா என ஆராய்ந்த பிரபுக்கள் அவை, 1987 டிசம்பரில் பின்னதையே ஏற்றது. அவ்வழக்கினருள் ஐவர் 1988 பிப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். நாட்டை விட்டு நீங்கிய பின்னரே மேன்முறையீடு செய்யலாம் என்பது அன்றைய விதி. 1989இல் அம்முறையீட்டை விசாரித்த நடுவர், அவர்கள் அகதிகளே என முடிவுசெய்தார். ஐவரும் மீண்டும் பிரித்தானியா வந்தனர். எனினும், அவர்களைத் திருப்பி அனுப்பியமை மனித உரிமை மீறலன்று என 1991இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

ஆயினும் 1993ஆம் ஆண்டுச் சட்டம், நாட்டை விட்டு அனுப்பப்படுமுன் மேன்முறையிடும் உரிமையை வழங்கியது. பின்வந்த சட்டங்கள் அவ்வுரிமையைப் பலவாறு சுருக்கியுள்ளன. வாயிலில் தடுக்கப்பட்ட தமிழரின் வழக்குகள் இன்று அந்நாட்டுச் சட்டநூல்களில் இடம்பெற்றுள்ளன. பிற நாட்டு அகதிகளின் அச்சமும் அவற்றைக் கொண்டே அளக்கப்பட்டு வருகிறது. குடியுரிமைத் தாள் கிட்டுமுன்னரே அவர்கள் அம்மண்ணின் வரலாற்றில் குடிபுகுந்துவிட்டனர்.