மாதவிடாய் நின்ற பிறகு: எண்ணெய், மீன், எள், சோயா – எது உதவும், எது உதவாது?

எங்கள் வீடுகளில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையானால் உழுந்தங்களி கிண்டுவார்கள், நல்லெண்ணெயும் முட்டையும் கொடுப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக்கறியும் பத்தியமும் உண்டு. ஆனால் ஐம்பதை அண்டிய வயதில் மாதவிடாய் நிற்கும்போது, அவளுக்கென்று அடுப்பில் எதுவும் ஏறுவதில்லை. அது பேச்சாகவும் ஆவதில்லை.

போரைக் கடந்து வந்த ஒரு தலைமுறைப் பெண்கள் இன்று சரியாக இந்த வயதில் நிற்கிறார்கள். 2009இல் போர் முடிந்தபோது 35 வயதில் இருந்தவர் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். வடக்கு கிழக்கில் கணவனை இழந்த பெண்கள் ஏறத்தாழ 89,000 பேர் என்று 2010இல் அரச தரப்பில் சொல்லப்பட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு புத்தளம், கற்பிட்டிப் பக்கம் வந்து சேர்ந்த முஸ்லிம் குடும்பங்களில் அன்று 20 வயதாக இருந்தவர்களுக்கும் இப்போது ஐம்பத்தைந்து வயதளவில் ஆகிறது. கற்பிட்டிக்கு வடக்கே, படகில் போய்ச் சேரும் உச்சமுனை போன்ற மீன்பிடிக் கிராமங்களில், இந்த வயதிலும் கருவாடு காயப்போடுவதும் வீட்டைக் கொண்டு நடத்துவதும் பெண்களின் கையில்தான். இவர்கள் படுத்தால் வீடு படுத்துவிடும். ஆகவே இந்த வயதில் எதைச் சாப்பிடுவது என்பது அவர்களுக்கு அழகுக் குறிப்பு அல்ல, பிழைப்போடு சேர்ந்த கேள்வி.

உடலில் என்ன மாறுகிறது?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அதை மாதவிடாய் நிறுத்தம் என்கிறது மருத்துவம். சூலகங்கள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைப் பெருமளவு குறைத்துவிடுகின்றன. இந்த ஹோர்மோன் மாதவிடாயோடு மட்டும் தொடர்புடையது அல்ல. குருதியில் உள்ள எல்டிஎல் எனப்படும் கெட்ட கொலஸ்ரோலை ஈரல் வெளியேற்றுவதற்கு அது துணை நிற்கிறது. எலும்பு கரைவதைத் தடுக்கிறது. இரத்தக் குழாய்களை நெகிழ்வாக வைத்திருக்க உதவுகிறது.

அமெரிக்காவில் 1996 முதல் பல இனப் பெண்களைத் தொடர்ந்து கவனித்துவரும் 'ஸ்வான்' ஆய்வு, கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓராண்டுக்குள் எல்டிஎல் குறிப்பிடத்தக்க அளவு உயர்வதைக் காட்டியது. அதே காலத்தில் எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. இடுப்பிலும் தொடையிலும் இருந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர்கிறது. அதனால்தான் அதுவரை ஆண்களைவிடக் குறைவாக இருந்த மாரடைப்பு ஆபத்து இதற்குப் பிறகு பெண்களிலும் ஏறுகிறது.

இரவில் வியர்த்து விழிப்பது, நெஞ்சு படபடப்பது, தூக்கம் கெடுவது, எரிச்சல் வருவது எல்லாம் இந்தக் காலத்தின் அறிகுறிகள். இழப்பையும் இடப்பெயர்வையும் சுமந்த பெண்களுக்கு இவை முன்பே பழக்கமானவை. எனவே "பழைய யோசனைதான்" என்று அவர்களே ஒதுக்கிவிடலாம், கேட்பவர்களும் ஒதுக்கிவிடலாம். இரண்டும் ஒன்றாகவே ஓர் உடலில் இருக்கக்கூடும். இரண்டுக்கும் உதவி உண்டு.

கொழுப்பைக் குறைத்தால் மட்டும் போதுமா?

இந்தக் கேள்விக்கு விடை தேடிய மிகப் பெரிய ஆய்வு அமெரிக்காவின் 'பெண்கள் சுகாதார முன்னெடுப்பு'. மாதவிடாய் நின்ற, 50 முதல் 79 வயது வரையான 48,835 பெண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவினர் மொத்தக் கொழுப்பை உணவுச் சக்தியின் 20 வீதமாகக் குறைத்து, மரக்கறி, பழம், தானியங்களைக் கூட்டுமாறு கேட்கப்பட்டார்கள். சராசரியாக 8.1 ஆண்டுகளுக்குப் பிறகு, 2006இல் முடிவு வந்தது. இதய நோயும் பெருங்குடல் புற்றுநோயும் குறையவில்லை. மார்பகப் புற்றுநோய் 9 வீதம் குறைவாகத் தெரிந்தாலும், அது தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் போதவில்லை. நீண்டகாலத் தொடர் கவனிப்பில்தான் மார்பகப் புற்றுநோய் கண்டவர்களிடையே இறப்பு குறைந்தது தெரிந்தது.

இதன் பாடம், எண்ணெயை ஒரேயடியாக வெறுக்கத் தேவையில்லை என்பதுதான். எவ்வளவு கொழுப்பு என்பதைப் போலவே எந்தக் கொழுப்பு என்பதும் முக்கியம். ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த 'பிரெடிமெட்' ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோர் 60 வயதைத் தாண்டிய பெண்கள். ஒலிவ் எண்ணெய் அல்லது கொட்டை வகைகளைத் தாராளமாகச் சேர்த்த உணவு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றைச் சுமார் 30 வீதம் குறைத்தது. ஒலிவ் எண்ணெய் எங்கள் கடைகளில் எட்டாத விலை. அதன் இடத்தில் எங்களுக்கு நல்லெண்ணெயும் கச்சானும் உண்டு.

தேங்காய் எண்ணெய்: கோபப்படாமல் ஒரு கணக்கு

தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட 90 வீதம் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 12 கிராம். நிறைவுற்ற கொழுப்பு மொத்தச் சக்தியில் 10 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. ஒரு நாளைக்கு 1,800 கலோரி உண்ணும் பெண்ணுக்கு அது 20 கிராம். ஆக, ஒரு கரண்டி எண்ணெயிலேயே பாதிக்கு மேல் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு சொதி, சம்பல், பால்கறி இருக்கின்றன. 100 கிராம் தேங்காய்ப் பூவில் 30 கிராம் அளவு நிறைவுற்ற கொழுப்பு உண்டு.

2020இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, தேங்காய் எண்ணெய் மற்றத் தாவர எண்ணெய்களைவிட எல்டிஎல்லை டெசிலீற்றருக்குச் சுமார் 10 மில்லிகிராம் கூட்டுகிறது என்று காட்டியது. நல்ல கொலஸ்ரோலையும் 4 மில்லிகிராம் கூட்டுகிறது, ஆனால் அது கெடுதியை ஈடுசெய்யும் என்பதற்குச் சான்று இல்லை. "எங்கட ஆச்சிமார் தேங்காய் சாப்பிட்டு நூறு வயது இருந்தவை" என்பார்கள். அந்த ஆச்சிமார் நாள் முழுக்க நடந்தார்கள், உரலில் இடித்தார்கள். பேக்கரி பணிஸும் பொரித்த ரோல்ஸும் அவர்கள் காலத்தில் இப்படி மலிந்திருக்கவில்லை.

தேங்காயைக் கைவிடச் சொல்லவில்லை. சம்பல் இருக்கும் நேரத்தில் பால்கறி வேண்டாம். முதற்பாலின் அளவைக் குறைக்கலாம். தாளிப்பதற்கு நல்லெண்ணெய் எடுத்தால் ஒரு கரண்டியில் நிறைவுற்ற கொழுப்பு 2 கிராம் அளவுதான். மலிவு என்று பாம் எண்ணெய்க்கு மாறுவதால் பெரிய இலாபமில்லை, அதிலும் ஏறத்தாழ பாதி நிறைவுற்ற கொழுப்பே. பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதைக் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

கடலோரத்தின் கைமுதல்

உச்சமுனை மாதிரியான ஊருக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. சாளை, சூடை, கீரி, நெத்தலி போன்ற சிறு மீன்களில் ஒமேகா-3 கொழுப்பு நிறைய உண்டு. முள்ளோடு மென்று தின்னக்கூடிய நெத்தலி கல்சியமும் தரும். விலைபோகும் பெரிய மீன் சந்தைக்குப் போனாலும், சட்டிக்கு வரும் சின்ன மீன் தரத்தில் குறைந்ததல்ல. வாரம் இரண்டு தடவையாவது பொரிக்காமல், குழம்பாகவோ அவியலாகவோ சாப்பிடுவது நல்லது.

மீனெண்ணெய் மாத்திரைக்குக் காசு கொட்ட வேண்டாம். 25,871 பேரிடம் நடந்து 2018இல் வெளியான 'வைட்டல்' ஆய்வில், நாளுக்கு 1 கிராம் ஒமேகா-3 மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றின் மொத்த எண்ணிக்கையைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை.

கருவாடு வேறு கதை. புரதம் இருக்கிறது, உப்பும் கடுமையாக இருக்கிறது. நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே உலக சுகாதார அமைப்பு சொல்லும் அளவு. 'பிரஷர்' உள்ளவர்கள் கருவாட்டை ஊறவைத்துக் கழுவி, கறிக்கு வேறு உப்புப் போடாமல், இடைக்கிடை மட்டும் சமைப்பது நல்லது.

சோயாவும் எள்ளும்: ஹோர்மோனைப் போன்ற தாவரச் சேர்மங்கள்

சில தாவரச் சேர்மங்கள் ஈஸ்ட்ரோஜனை ஒத்த வடிவம் கொண்டவை. சோயாவில் உள்ள ஐசோஃபிளேவோன்கள், எள்ளிலும் ஆளிவிதையிலும் உள்ள லிக்னான்கள் இவ்வகை. இவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளில் பலவீனமாகவே ஒட்டுகின்றன. குடலில் உள்ள பக்டீரியாக்கள் இவற்றை மாற்றிய பிறகே சில பலன் தருகின்றன. எல்லோருடைய குடலிலும் அந்த பக்டீரியாக்கள் இல்லை. அதனால் ஒருத்திக்கு உதவியது மற்றவளுக்கு உதவாமல் போகலாம்.

2012இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, ஐசோஃபிளேவோன் மாத்திரைகள் உடல் திடீரென்று கொதித்து வியர்ப்பதைப் போலி மாத்திரையைவிட ஏறத்தாழ 20 வீதம் குறைத்ததாகக் கண்டது. ஆனால் எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கம் 2023இல் இந்த அறிகுறிக்குச் சோயா உணவையோ சோயாச் சாற்றையோ பரிந்துரைக்கவில்லை. சோயாப் புரதம் எல்டிஎல்லைக் குறைப்பதும் 3, 4 வீதம் அளவில்தான்.

எனவே சோயா மீற்றை மருந்தாக அல்ல, மலிவான புரதமாகப் பார்ப்பதே சரி. பக்கற்றோடு வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம், அதைப் பாதியாகக் குறையுங்கள். உணவு அளவில் சோயா மார்பகப் புற்றுநோயைக் கூட்டும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. ஆனால் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்றவர்கள் செறிவூட்டிய மாத்திரைகளை வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது.

எள்ளை வறுத்து உருண்டை பிடித்தாலும் பொடித்து உண்டாலும், நல்ல கொழுப்போடு கல்சியமும் கிடைக்கும். குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. பயறு, கடலை, கௌபி, முருங்கையிலை, வல்லாரை எல்லாம் இதே வரிசையில் சேர்பவை. எள்ளுருண்டையில் சீனியோ சர்க்கரையோ எவ்வளவு என்பதை நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

உணவால் முடியாதவை

மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு துளி இரத்தம் பட்டாலும் வைத்தியரிடம் போக வேண்டும். அது கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கலாம். மார்பில் கட்டி, ஏறினால் இளைப்பு, நெஞ்சுப் பாரம் இவற்றுக்கும் களியும் கசாயமும் விடை அல்ல.

இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு குருதி அமுக்கம், நீரிழிவு, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவற்றை அங்கே காசில்லாமல் பரிசோதிப்பார்கள். எந்த நாளில் எங்கே என்பதை ஊருக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்கலாம். உச்சமுனையில் இருப்பவருக்கு அது படகுக் கூலியும் ஒருநாள் உழைப்பும் சேர்ந்த பயணமாகிவிடலாம். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நாளில் போனால் கூலியும் குறையும், துணையும் இருக்கும். பரிசோதனைக்குப் போக வெட்கப்படும் அக்காமாரும் அப்படியானால் வருவார்கள்.