வெயில் சுடுவது வெப்பத்தாலா?

கோடை விடுமுறைக்குக் கொடைக்கானல் சென்று திரும்பியவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கே இருந்த நாளெல்லாம் சால்வையைப் போர்த்திக்கொண்டு குளிர் காய்ந்தவர்கள்தாம். ஆயினும் சிலருக்கு மூக்கு நுனியும் கன்னமும் கன்றிக் கறுத்து, தோல் உரிந்திருக்கும். வெயிலின் சூடே உறைக்காத இடத்தில் வெயில் எப்படிச் சுட்டது? "மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை" என்று சொல்லி, மோரையோ கற்றாழைச் சோற்றையோ தடவுவார்கள். எரிச்சல் தணியும். குளிர்ச்சியால் தணிந்தது என்றால் சூட்டினால் வந்ததுதானே என்ற எண்ணமும் வலுப்படும்.

இந்த எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் நெடுங்காலம் அப்படியே நம்பினர். அது பிழை என்று தெளிவாவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைப் பார்ப்போம்.

இலண்டனில் எவரார்ட் ஹோம் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். அவரை ஓர் ஐயம் வாட்டியது. கறுப்புப் பொருள் வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சும். அப்படியானால் கறுத்த தோலுடையவர்களைத்தானே வெயில் கூடுதலாகச் சுட வேண்டும்? உண்மையில் வெளுத்த தோலுடையவர்களே வெந்து போகிறார்கள். இதைச் சோதிக்கத் தம் இரு கைகளையும் வெயிலில் நீட்டினார். ஒரு கை வெறுங்கை. மற்றதன்மேல் கறுப்புத் துணி. இரண்டிலும் வெப்பமானிகள் இருந்தன. துணிக்கு அடியில்தான் வெப்பம் கூடுதலாகக் காட்டியது. ஆனால் கன்றியது எது தெரியுமா? வெறுங்கைதான்! சூடு மிகுந்த கைக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த ஆய்வு 1821-இல் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தது. வெப்பம் மட்டுமே காரணமன்று, ஒளிக்கும் இதில் பங்கு உண்டு என்பதை ஹோம் கண்டுகொண்டார். எந்த ஒளி என்பதை அவரால் சொல்ல முடியவில்லை.

வியப்பு என்னவென்றால், அந்த ஒளி அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1801-இல் ஜெர்மனியில் யோகான் ரிட்டர் என்பவர், முப்பட்டகத்தால் பிரித்த சூரிய நிறமாலையில் வெள்ளிக் குளோரைடை வைத்துப் பார்த்தார். ஊதா நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு எதுவுமே தெரியாத இடத்தில், அது விரைந்து கறுத்தது. அங்கே விழுந்தவைதாம் நாம் இன்று புறஊதாக் கதிர்கள் என்று அழைப்பவை. ஆனால் ரிட்டரின் வெள்ளிக் குளோரைடையும் ஹோமின் கையையும் இணைத்துப் பார்க்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

இணைப்புக்கு வழிகாட்டியது சூரியனன்று, மின்சாரம். மின்வில் விளக்கின் ஒளியில் ஆய்வு செய்த இருவருக்குக் கண் வலியும் தோல் சிவப்பும் ஏற்பட்டதை, பிரெஞ்சு மருத்துவர் ஷார்க்கோ 1858-இல் விவரித்தார். குற்றவாளி வெப்பமாக இருக்க முடியாது, ஊதாவுக்கு அப்பாலுள்ள கதிர்களாகவே இருக்க வேண்டும் என்று அவர் கருதினார். இதை உறுதி செய்தவர் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர் எரிக் விட்மார்க். 1889-இல் அவர் மின்வில் ஒளியை நீரின் வழியே செலுத்தி வெப்பக் கதிர்களை வடித்தார். தோல் அப்போதும் சிவந்தது. புறஊதாக் கதிர்களை நீக்கியபோது சிவக்கவில்லை. வழக்கு அத்துடன் தீர்ந்தது.

டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் இதைத் தம் கையிலேயே எழுதிப் பார்த்தார் எனலாம். முன்கையில் கறுப்பு மையால் ஒரு பட்டை தீட்டிக்கொண்டு வெயிலில் அமர்ந்தார். சுற்றிலும் தோல் சிவந்தது. மையின் அடியில் வெள்ளையாகவே இருந்தது. ஒளி மருத்துவத்துக்காக அவருக்கு 1903-இல் நோபெல் பரிசு கிடைத்தது. 1922-இல் ஹவுசர், வாலே என்ற இரு ஜெர்மானியர், தோலை மிகுதியாகச் சிவக்க வைப்பது 297 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிர்கள் என்று அளந்து காட்டினர்.

இனி, கொடைக்கானல் புதிர் விடுபடுகிறது அல்லவா? உயரம் ஏறினால் காற்று குளிரும். ஆனால் புறஊதாக் கதிர்களை வடிக்கும் காற்றின் அளவும் குறையும். 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு வீதம் அவை கூடுகின்றன. குளிர்காற்று நம் தோலை ஏமாற்றுகிறது. மெல்லிய மேகமும் அவ்வாறே: வெப்பத்தைத் தணிக்கும், புறஊதாவைப் பெருமளவு விட்டுவிடும்.

அப்படியானால் பாட்டி வைத்தியம் பயனற்றதா? இல்லை. வெந்த தோலில் இரத்தக் குழாய்கள் விரிவதால் அது சிவந்து சுடுகிறது. அதன்மீது ஈரத்துணி போட்டால் நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பெரும்பாலும் தோலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. மோரும் கற்றாழைச் சோறும் பெரும்பகுதி நீரே. அவை தரும் சுகத்தில் பெரும்பங்கு இதுதான். மாறாக, வெண்ணெயோ எண்ணெயோ பூசினால் நீர் ஆவியாவதைத் தடுத்து வெப்பத்தை உள்ளேயே நிறுத்தும். பனிக்கட்டியை நேரே வைப்பதும் தீது. நொந்த தோலை அது மேலும் நோகச் செய்யும். கொப்புளங்களை உடைக்கக் கூடாது. நீர் நிறையக் குடிக்க வேண்டும். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் மருத்துவரிடம் செல்வதே முறை.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். மருந்து தணிப்பது வலியைத்தான். நேர்ந்த கேட்டை அன்று. புறஊதாக் கதிர்கள் உயிரணுவின் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள தைமின் மூலக்கூறுகளைத் தவறாகப் பிணைத்து விடுகின்றன. இந்தப் பிணைப்பு 1960-ஐ ஒட்டிக் கண்டறியப்பட்டது. உயிரணுவே இப்பிழைகளைத் திருத்திக்கொள்ளவும் வல்லது. அது எவ்வாறு நிகழ்கிறது என்று விளக்கிய அசீசு சன்சார், 2015-இல் வேதியியல் நோபெல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர். ஆயினும் திருத்தப்படாத பிழைகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து தோல் புற்றுநோய்க்கு வழி வகுக்கலாம். கறுத்த தோலில் உள்ள மெலனின் நமக்கு ஒரு கவசந்தான்; ஆனால் ஓட்டையில்லாக் கவசமன்று.

இன்னொரு சங்கடமும் உண்டு. சிவப்பும் எரிச்சலும் வெயிலில் இருக்கும்போதே வருவதில்லை. சில மணி நேரம் கழித்தே தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சம் அடைகின்றன. எரியும்போது நிழலுக்குப் போகலாம் என்று காத்திருப்பவர் காலம் கடந்தே போகிறார். ஆகவே அடுத்த முறை மலைக்கோ கடற்கரைக்கோ செல்லும்போது உடம்பின் சூட்டை நம்பாதீர்கள், நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் புறஊதாக் கதிர்கள் வலுவாக இருக்கின்றன என்று பொருள். அந்நேரத்தில் ஹோம் போட்டுப் பார்த்த கறுப்புத் துணியை நினைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு குடை இருந்தால் மோருக்கு வேலையிராது.