அடுப்புக்காரரின் பெருங்கோபம்

1793ஆம் ஆண்டு. பாரிஸ் நகரத்தில் பொழுது இன்னும் புலரவில்லை. ரொட்டிக் கடையின் கதவும் திறக்கவில்லை. ஆனால் வாசலில் பெண்கள் வரிசை பிடித்து நிற்கிறார்கள். முந்திய நாள் வெறுங்கையோடு திரும்பியவர்களும் அவர்களுள் உண்டு. அப்போது தெருமுனையில் இதழ் விற்பவனின் குரல் எழுகிறது. துஷேன் பெரியவர் இன்று பயங்கரக் கோபத்தில் இருக்கிறாராம்! வரிசையில் முகங்கள் மலர்கின்றன.

இக்காட்சியை நாம் கற்பனையில்தான் கண்டோம். எனினும் அந்தக் கூவல் கற்பனையன்று. ஒருவருக்குக் கோபம் வந்திருக்கிறது என்ற செய்தியே விற்பனைச் சரக்காகவும், கேட்போருக்கு உவகையாகவும் இருந்த காலம் அது. சினம் தன்னைக் கொண்டவரையே எரிக்கும் என்று நம் அறநூல்கள் ஓதுகின்றன. எரிக்கத்தான் செய்கிறது. ஆயினும் அந்நெருப்பில் குளிர்காய்ந்து, உடல் தேறி, பெயரும் பொருளும் ஈட்டி வாழ்பவர்களையும் நாம் பார்க்கிறோமல்லவா? அது எவ்வாறு இயல்கிறது என்று எண்ணியபோதெல்லாம் எங்கள் நினைவுக்கு வருபவர் ழாக் ரெனே எபேர்.

எபேரைப் பற்றிச் சொல்லுமுன் துஷேன் பெரியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்படி ஒருவர் பிறக்கவேயில்லை. சந்தைத் திடல்களில் நடந்த கூத்துகளில் தோன்றிய ஒரு பாத்திரம் அவர். தொழில், அடுப்பு விற்பது. வாயில் புகைக்குழாய், முறுக்கு மீசை, ஒரு வாக்கியத்துக்கு இரண்டு கெட்ட வார்த்தை. (அவ்வார்த்தைகளைத் தமிழாக்கி இங்கே தர எங்களுக்குத் துணிவில்லை, வாசகர்கள் தத்தம் ஊர்ச் சந்தையில் கேட்டவற்றை நினைவுகூர்ந்து நிரப்பிக்கொள்க.) பெரியோரை முகத்துக்கு நேரே ஏசும் உரிமை பெற்ற முரட்டுக் கிழவர். புரட்சி தொடங்கியதும் பலர் அவரைத் தத்தெடுத்து அவர் பெயரில் இதழ் நடத்தினார்கள். அவர்களுள் நிலைத்தது 1790இல் தொடங்கிய எபேரின் இதழ்தான். எட்டுப் பக்கம். வாரத்தில் இரண்டு மூன்று முறை வரும். ‘துஷேன் பெரியவரின் பெருங்கோபம்’ என்பது ஒரு நாள் தலைப்பாக இருக்கும்; ‘துஷேன் பெரியவரின் பெருமகிழ்ச்சி’ என்பது இன்னொரு நாள் தலைப்பு. முந்நூற்றுக்கும் மேற்பட்ட இதழ்கள் பெரும்பாலும் இவ்விரு தலைப்புகளுக்குள்ளேயே அடங்கிவிட்டன.

அப்பாத்திரத்தின் உள்ளே ஒளிந்திருந்த மனிதரோ அதற்கு நேர் எதிரானவர். சிறிய உருவம், துப்புரவான உடை, பணிவான பேச்சு. 1757இல் அலான்சோன் நகரில் பொற்கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். இருபத்திரண்டு வயதில் உள்ளூர்க்காரர் ஒருவரை இழித்துச் சுவரொட்டி எழுதிய வழக்கில் தண்டனை பெற்று, ஊரை விட்டே ஓட நேர்ந்தது. பாரிஸில் பல ஆண்டுகள் வறுமை. நாடக அரங்கு ஒன்றில் நுழைவுச்சீட்டு பார்க்கும் வேலை கிடைத்தது, அதுவும் நிலைக்கவில்லை. முப்பத்து மூன்று வயது வரை அவர் சொல்லைக் காதில் வாங்கியவர் எவருமில்லை. மீசையும் புகைக்குழாயும் மாட்டிக்கொண்ட பின்னரோ, பாரிஸ் முழுவதும் செவிசாய்த்தது.

முதல் விடையை நாம் இங்கேதான் காண்கிறோம். கோபம் ஒருவருக்குத் தம்மினும் பெரிய உடலைத் தருகிறது. தொடக்கத்தில் துஷேன் பெரியவர் மன்னரை வெறுக்கவும் இல்லை. அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்ட முடியாட்சியை அவர் ஏற்றுக்கொண்டிருந்தார். 1791 ஜூன் மாதம் மன்னர் குடும்பத்துடன் தப்பியோட முயன்று வரேன் என்ற ஊரில் பிடிபட்ட பிறகே அவர் குரல் மாறியது. கொள்கை மாறியது வியப்பன்று. அன்று பலருக்கும் மாறியது. ஏச்சின் சுருதி மட்டும் முன்னும் பின்னும் மாறவேயில்லை என்பதே எங்களுக்கு வியப்பளிக்கிறது. ஏசப்படுபவர் மாறிக்கொண்டேயிருந்தார்: மன்னர், அரசி, தளபதி லஃபாயேத், மிதவாத ழிரோந்தன் கட்சியினர், பதுக்கல் வணிகர், பாதிரிமார்.

இவ்விடத்தில் எபேரைப் பழித்துவிட்டு நகர்வது எளிது. ஆனால் ரொட்டி வரிசை பொய்யன்று. தாள் நாணயத்தின் மதிப்பு வீழ்ந்துகொண்டிருந்தது; விலை ஏறிக்கொண்டிருந்தது; தானியத்தைப் பதுக்கியோரும் இருந்தார்கள். எழுத்தறிந்தோர் அவைகளில் சொல்லணியோடு விவாதித்துக்கொண்டிருந்தபோது, வரிசையில் நின்றவளின் மொழியில் அவள் துன்பத்தைப் பேசியது இந்த இதழ். 1793 செப்டம்பர் 5 அன்று பாரிஸ் மக்கள் தேசியப் பேரவையை முற்றுகையிட்டுக் கோரிக்கை வைத்தார்கள். அம்மாத இறுதியில் இன்றியமையாப் பொருள்களுக்கு விலை உச்சவரம்பு சட்டமாயிற்று. அதில் துஷேன் பெரியவரின் கூச்சலுக்கும் ஒரு பங்குண்டு. தன்னை ஒருவரும் மனிதராக மதிக்காத நகரத்தில், தனக்காக ஒருவர் கோபப்படுகிறார் என்பது பசித்தவருக்கு எத்துணை ஆறுதல்!

வேறுபாடு ஒன்று உண்டு. வரிசையில் நின்றவளின் கோபம் ரொட்டி கிடைத்ததும் தணியக்கூடியது. இதழின் கோபம் தணிந்தால் மறுநாள் இதழ் இல்லை. ஆகவே ரொட்டியைக் காட்டிலும் பகைவர் அதற்கு இன்றியமையாதவராயினர். ஒருவர் தலை விழுந்ததும் பெருமகிழ்ச்சி இதழ். அம்மகிழ்ச்சி ஆறுமுன் அடுத்தவர் மீது பெருங்கோப இதழ். இந்த ஊஞ்சலாட்டத்தைத் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். சோர்வு வருவதற்கு மாறாக ஒருவகைச் சுறுசுறுப்பே வரும். நாங்களும் சில பக்கங்களில் வாய்விட்டுச் சிரித்தோம். பிறகு, யாருடைய மரணத்தைப் பற்றிச் சிரித்தோம் என்று எண்ணி வெட்கினோம். வாசகருக்கு அது தரும் இன்பம் இரட்டை இன்பம்: தம் அல்லலுக்கு ஒரு முகம் கிடைத்துவிடுகிறது; அந்த முகத்தைப் பழிக்கும் வரையில் தாம் நல்லவர் பக்கம் நிற்கிறோம் என்ற உறுதியும் கிடைத்துவிடுகிறது.

இவற்றோடு பணமும் சேர்ந்தது. போர் அமைச்சர் புஷோத் படைவீரர்களுக்கு வழங்குவதற்காக இவ்விதழை அரசுச் செலவில் மொத்தமாக வாங்கினார். 1793 அக்டோபர் 4 அன்று மட்டும் 60,000 லிவ்ரு கொடுக்கப்பட்டது என்ற கணக்கைப் பின்னர் கமீல் தெமூலன் அச்சிட்டு அம்பலப்படுத்தினார்.

அதே அக்டோபரில் அரசி மரி அந்துவானெத் மீதான விசாரணை நடந்தது. நகராட்சி அதிகாரி என்ற முறையில் சாட்சி சொல்ல வந்த எபேர், அரசி தம் எட்டு வயது மகனிடமே தகாத முறையில் நடந்துகொண்டார் என்று குற்றம் சாட்டினார். முதலில் அவர் மறுமொழி சொல்லவில்லை. மீண்டும் வற்புறுத்தப்பட்டபோது, அவையிலிருந்த தாய்மார் அனைவரையும் நோக்கி முறையிட்டார். அவரை வெறுக்க வந்திருந்த கூட்டமே ஒரு கணம் கலங்கியது. செய்தி கேட்ட ரொபெஸ்பியர், எபேர் அரசிக்கு இறுதி நேரத்தில் ஒரு வெற்றியைத் தேடித்தந்துவிட்டார் என்று கொதித்ததாகச் சொல்வர். அவர் தண்டிக்கப்படுவது ஏறத்தாழ உறுதியாகியிருந்த வழக்கில் இந்த அவதூறுக்குத் தேவையே இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று துஷேன் பெரியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நிறுத்தும் வழக்கமே அவருக்கு இல்லையே!

எபேரை எதிர்த்தெழுந்த தெமூலனைப் பற்றியும் ஒரு சொல். 1789இல் பகைவர்களைத் தெருவிளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்ட கூட்டத்தை வியந்து, தம்மை ‘விளக்குக் கம்பத்தின் வழக்கறிஞர்’ என்று அழைத்துக்கொண்டவர் அவர். ழிரோந்தன் தலைவர்களைத் தாக்கி அவர் எழுதிய துண்டுநூல் அவர்களுடைய சாவுக்கு வழிகோலியவற்றுள் ஒன்று. 1793 அக்டோபர் 30 இரவு அவர்களுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, என் நூலே இவர்களைக் கொல்கிறது என்று அவையிலேயே அவர் அரற்றியதாகக் கூறப்படுகிறது. அதன் பின்னரே கருணை வேண்டும் என்று எழுதத் தொடங்கினார். சினத்தை உண்டு வளர்ந்தவர் அதை உமிழ்ந்துவிட்டு எழவும் கூடும் போலும். ஆனால் காலம் கடந்திருந்தது.

1794 மார்ச் 4 அன்று கொர்தெலியே மன்றத்தில் மனித உரிமைப் பிரகடனத்தின் மீது கறுப்புத் துணி போர்த்தப்பட்டது. எபேர் தயங்கித் தயங்கி, மறுபடியும் ஒரு கிளர்ச்சி வேண்டும் என்றார். பாரிஸ் எழவில்லை. குளிர்காலம் முழுவதும் ரொட்டிக்கும் இறைச்சிக்கும் வரிசையில் நின்ற மக்கள், தங்களுக்காக இத்தனை நாள் கோபப்பட்டவருக்காக வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பத்து நாள்களுக்குள் அவர் கைதானார். மார்ச் 24 அன்று தோழர்கள் பதினேழு பேருடன் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். அன்று மட்டும் மக்கள் திரளாக வந்தார்கள். துஷேன் பெரியவரின் பெருங்கோபம் எங்கே என்று வண்டியின் பின்னே கேலி செய்தபடி ஓடியதாக எழுதிவைத்திருக்கிறார்கள். அவருடைய தலைப்புகளையே அவர்கள் திரும்பக் கூவினார்கள். அவர் அச்சத்தால் நடுங்கி மயங்கிச் சாய்ந்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 5 அன்று, தெமூலன் அதே மேடையில் ஏறினார். ஏப்ரல் 13 அன்று இருவருடைய மனைவியரும் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். எபேரின் மனைவி முன்னாள் கன்னித்துறவி. தெமூலனின் மனைவி லூசிலுக்கு இருபத்து நான்கு வயது. இருவரும் இரண்டு வயது நிரம்பாத குழந்தையை விட்டுச் சென்றார்கள். ஒருவர் கணவர் மற்றவர் கணவரின் சாவை வேண்டி எழுதியிருந்தார். ஆயினும் சிறைமுற்றத்தில் இப்பெண்கள் இருவரும் ஒரே கல்லில் சேர்ந்தமர்ந்து அழுவார்கள் என்று உடனிருந்தோர் பின்னாளில் கூறினர்.