கடல் காவல் – 9: பாதியில் அறுந்த செய்தி

போன வாரம் கனடிய விமானப்படையின் 413ஆவது ஸ்குவாட்ரனை ஷெட்லாண்ட் தீவுகளின் குளிரில் விட்டுவிட்டு வந்தோம். நார்வே கரையை வேவு பார்க்கப் போன தளபதி பிரீஸ் 1941 அக்டோபரில் திரும்பி வரவில்லை. அந்த இழப்பை முழுங்கிக்கொண்டு, மூடுபனிக்குள் பறந்து பழகிக்கொண்டிருந்த கனடாக்காரர்களுக்கு அடுத்த மார்ச்சில் ஓர் உத்தரவு வந்தது. இலங்கைக்குப் போ. சிங்கப்பூரும் ரங்கூனும் விழுந்துவிட்டன. அந்தமானில் ஜப்பான் கொடி ஏறிவிட்டது. அந்தக் கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். சென்னையில் பாதி ஊர் மூட்டை கட்டியதும், மிருகக்காட்சி சாலையின் சிங்கம் புலிகளைச் சுட்டுத் தள்ளியதும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டதுதானே. நேரே காலி நகருக்குப் பக்கத்தில் போய் இறங்குவோம்.

இந்த வாரம் திருகோணமலை என்று சொல்லியிருந்தேன். ஜப்பானியக் குண்டுவீச்சில் திருகோணமலை எரிந்தது 1942 ஏப்ரல் 9ஆம் தேதி. அதற்கு ஐந்து நாள் முன்னால் கொக்கல ஏரியிலிருந்து கிளம்பிய ஒரு விமானத்தைச் சொல்லாமல் அங்கே போக எனக்கு மனம் வரவில்லை.

ஏரி என்று பெயர்தானே தவிர கொக்கல ஓர் உப்பங்கழி. நடுவே குட்டித் தீவுகள், கரையெல்லாம் தென்னை, கொஞ்சம் தாண்டினால் இந்தியப் பெருங்கடல். தண்ணீரிலேயே இறங்கித் தண்ணீரிலேயே ஏறும் விமானங்களுக்கு இதைவிட வாகான இடம் தென்னிலங்கையில் கிடையாது. ஆனால் அங்கே ஒரு கிராமம் இருந்தது. சிங்கள நாவலாசிரியர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த கிராமம். விமானப்படை வந்ததும் ஊர் ஜனங்களைக் கிளப்பிவிட்டார்கள். அவர் பிறந்த வீடு மட்டும் எப்படியோ இடிபடாமல் தப்பி, இன்று அருங்காட்சியகத்துக்குள் நிற்கிறது. வீடு இழந்த மற்றவர்களுக்கு எந்த யுத்த சரித்திரத்திலும் ஒரு பத்தி கிடையாது. இதையெல்லாம் எழுதாமல் குண்டுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கும் வரலாற்றாசிரியர்கள் மேல் எனக்கு நெடுநாள் கோபம்.

ஏப்ரல் 2 அன்று இந்த ஏரியில் வந்து இறங்கியவர்களில் ஒருவர் லெனார்ட் பிர்ச்சால். ஒன்டாரியோ மாநிலத்தின் செயின்ட் கேதரின்ஸ்காரர். வயது 26. கிங்ஸ்டன் ராணுவக் கல்லூரியில் படித்தவர். ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிய 1940 ஜூன் 10ஆம் தேதிக்குப் போக வேண்டும். இத்தாலி போரில் குதித்த நாள். செயின்ட் லாரன்ஸ் நதிமுகத்தில் ‘கேப்போ நோலி’ என்ற இத்தாலியச் சரக்குக் கப்பல் தப்பி ஓடப் பார்த்தது. பிர்ச்சால் பழைய இரட்டை இறக்கை விமானம் ஒன்றில் அதைத் தேடிப் பிடித்தார். குண்டு போடப் போவதுபோல் பாவனை காட்டித் தலைக்கு மேல் பாய்ந்தார். மிரண்டுபோன இத்தாலிய கேப்டன் கப்பலைத் தானே தரை தட்ட வைத்தார். ஒரு தோட்டா செலவில்லை. இந்த ஆளுக்கு ராணுவத்தைவிட நாடகக் கொட்டகை பொருத்தமாக இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு.

கொக்கல வந்த இரண்டாம் நாளே, ஏப்ரல் 4 விடிவதற்கு முன், பிர்ச்சாலின் கேடலினா விமானம் ஏரியை விட்டு எழும்பியது. கேடலினாவைப் பற்றி முன்பே எழுதிவிட்டேன். வேகம் கிடையாது. வேகம் கிடையவே கிடையாது. ஆனால் இருபது மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே கிடக்கும். உள்ளே படுக்கை உண்டு, அடுப்பு உண்டு. பக்கவாட்டில் இரண்டு கண்ணாடிக் கூடுகள், அவற்றில் இயந்திரத் துப்பாக்கிகள். அன்று உள்ளே ஒன்பது பேர். பிர்ச்சாலும் நேவிகேட்டர் ஓனியட்டும்தான் கனடாக்காரர்கள். மீதிப்பேர் பிரிட்டிஷ் விமானப்படை ஆட்கள்.

இலங்கைக்குத் தென்கிழக்கே நாள் முழுக்கச் சுற்றினார்கள். கடல், மேகம், மறுபடி கடல். கொடுத்த வேலை மாலைக்குள் முடிந்துவிட்டது. ஆனால் கொக்கலவில் இருட்டில் இறங்க வசதியில்லை. எப்படியும் விடியும்வரை வானத்தில்தான் பொழுதைக் கழிக்க வேண்டும். நிலா எழும்பினால் அதை வைத்து நாம் இருக்கும் இடத்தைச் சரியாகக் கணித்துவிடலாம் என்று ஓனியட் சொல்ல, இன்னொரு சுற்றுப் போகலாம் என்று முடிவானது. இலங்கைக் கரையிலிருந்து சுமார் 350 மைல். மாலை நான்கு மணி சுமாருக்குத் தெற்கே தொடுவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன.

யாருடைய கப்பல்கள் என்று தெரியாமல் செய்தி அனுப்பிப் பயனில்லை. பிர்ச்சால் கிட்டே போனார். போகப் போகப் புள்ளிகள் பெருகின. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள். கூடவே போர்க்கப்பல்கள், க்ரூஸர்கள், நாசகாரிகள். பேர்ல் ஹார்பரைக் கொளுத்திய அதே ஜப்பானிய அட்மிரல் நகுமோ, அதே படை. தாங்கிக் கப்பல்களில் ‘காகா’ ஒன்றுதான் பவளப்பாறையில் மோதிக் காயம்பட்டு ஊர் திரும்பியிருந்தது.

அதற்குள் ஜப்பானியரின் ஸீரோ சண்டை விமானங்கள் மேலே ஏறிவிட்டன. கேடலினாவுக்கு ஓட வேகமில்லை, ஒளிய மேகமில்லை. ரேடியோ ஆள் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். எதிரி எங்கே, எத்தனை, எந்தத் திசை, என்ன வேகம் என்று ஒரே செய்தியை மும்முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. மூன்றாவது முறை பாதியில் ஒரு குண்டு வந்து ரேடியோவை உடைத்தது. செய்தியை அனுப்பியவரும் அடிபட்டார். அடுத்து எரிபொருள் தொட்டியில் தீ. பிர்ச்சால் எரிகிற விமானத்தைக் கடலில் இறக்கினார்.

ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். நீந்திக்கொண்டிருந்தவர்கள் மேல் ஸீரோக்கள் மறுபடி மறுபடி தாழப் பறந்து சுட்டன. முடிந்தவர்கள் ஒவ்வொரு முறையும் முங்கித் தப்பினார்கள். உயிர்காப்பு அங்கி மாட்டிய படுகாயக்காரர் இருவரால் முங்க முடியவில்லை. தண்ணீரில் கிடந்தவனைச் சுடுவதற்கு வீரம் தேவையில்லை. அந்த விமானிகளை நான் வீரர்கள் என்று எழுத மாட்டேன், அவர்கள் எவ்வளவு நன்றாகப் பறந்திருந்தாலும் சரி. மிஞ்சிய ஆறு பேரை ‘இசோகாஸே’ என்ற நாசகாரிக் கப்பல் பொறுக்கி எடுத்தது.

மேல்தளத்தில் விசாரணை. செய்தி அனுப்பினாயா? இல்லை என்றார் பிர்ச்சால். அடி. மறுபடி கேள்வி. இல்லை. நம்பத் தொடங்கியிருந்த நேரத்தில் கொழும்பிலிருந்து வானொலி பேசியது. செய்தி அரைகுறையாக வந்தது, திரும்பச் சொல்லுங்கள் என்று பிர்ச்சாலின் கேடலினாவை நோக்கிக் கொழும்பு கேட்டுக்கொண்டிருந்ததை ஜப்பானியர் ஒட்டுக்கேட்டுவிட்டார்கள். அப்புறம் விழுந்த அடி எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒரு செய்திக்காகத்தான் பிர்ச்சாலுக்கு ‘இலங்கையைக் காத்தவர்’ என்று பட்டம். சர்ச்சில் பிற்பாடு ஒரு விருந்தில், கடலடியில் கிடக்கும் அந்தப் பெயர் தெரியாத விமானியைப் புகழ்ந்தார் என்றும், ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று பக்கத்திலிருந்தவர்கள் சொன்னார்கள் என்றும் ஒரு கதை உலவுகிறது. விருந்துக் கதைகளை நான் பாதி விலைக்குத்தான் வாங்குவேன். பட்டத்தையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம்.

செய்தி கிடைத்து கொழும்பு என்ன செய்தது? கிளம்ப முடிந்த கப்பல்களைத் துறைமுகத்திலிருந்து கிளப்பியது. அது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் மறுநாள், ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. சுமார் 125 ஜப்பானிய விமானங்கள் தென்மேற்குக் கரையோரமாக வந்தன. ராடார் இருந்தது, எச்சரிக்கை வரவில்லை. தலைக்கு மேல் எதிரி வந்த பிறகுதான் இரத்மலானையில் பிரிட்டிஷ் ஹரிகேன் விமானங்கள் ஓடுபாதையில் ஓடத் தொடங்கின. குறிப்பெழுதிக் கையில் கொடுத்தும் பரீட்சையில் கோட்டை விட்ட பையன் மாதிரி. திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து எதுவும் அறியாமல் வந்த ஆறு ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்களை ஸீரோக்கள் வழியிலேயே வீழ்த்தின. கொழும்புத் துறைமுகத்தில் ‘டெனிடோஸ்’ கப்பல் மூழ்கியது, ‘ஹெக்டர்’ மூழ்கியது. அன்று பிற்பகலே ‘டார்செட்ஷயர்’, ‘கார்ன்வால்’ என்ற இரண்டு க்ரூஸர்கள் கடலில் குண்டுக்குப் பலியாயின. அந்த இரண்டிலும் 424 பேர் இறந்தார்கள்.

பிரிட்டிஷ் அட்மிரல் சாமர்வில்லின் முக்கியக் கப்பல் படை பிழைத்தது பிர்ச்சாலால் அல்ல. ஜப்பானியர் ஏப்ரல் 1 அன்று வருவார்கள் என்று உளவுத்தகவல் சொல்லியிருந்தது. அவர் காத்துப் பார்த்தார், யாரும் வரவில்லை, தண்ணீரும் எண்ணெயும் தீர்ந்தன. 2ஆம் தேதி இரவே மாலத்தீவின் தென்கோடியிலுள்ள அட்டு பவளத்தீவுக்குப் போய்விட்டார். நகுமோ வந்தபோது அவர் 600 மைல் தள்ளி இருந்தார். சாமர்வில்லைக் கோழை என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சியில்லை. அந்தக் கிழட்டுப் போர்க்கப்பல்களோடு நகுமோவின் எதிரே போய் நின்றிருந்தால் பிரிட்டனுக்கு இந்தியப் பெருங்கடலில் கப்பல் படையே மிஞ்சியிருக்காது.

அப்படியானால் பிர்ச்சாலிடம் என்ன இருக்கிறது? அவருடைய பெருமை ஏப்ரல் 4க்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பது என் கட்சி. ‘அகாகி’ என்ற விமானந்தாங்கிக் கப்பலில் அவரை ஏற்றி ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். யோகோஹாமாவுக்கு அருகே ஓஃபுனா என்ற ரகசிய விசாரணை முகாம். அங்கே அடைபட்டவர்கள் போர்க்கைதிகள் என்றே பதிவாகவில்லை. ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. ஊரில் அவர் இறந்துவிட்டதாகவே நினைத்தார்கள்.

பிறகு மற்ற முகாம்கள். மூத்த அதிகாரி என்ற முறையில் அவர் முதலில் கை வைத்தது சோற்றில். அதிகாரிகள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். அதிகாரியின் கிண்ணத்தில் அதிகம் இருப்பதாக எந்தச் சிப்பாய்க்குத் தோன்றினாலும் கேட்காமலே மாற்றிக்கொள்ளலாம். பசியில் எலும்பும் தோலுமாக நின்றவர்களுக்கு நடுவே இந்த ஒரு ஏற்பாடுதான் ஒழுங்கைக் காத்தது. நோயாளிகளை வேலைக்கு இழுத்த காவலனை ஒருமுறை கைநீட்டி அடித்தார். அதற்குக் கிடைத்த தண்டனையைப் பட்டுவிட்டு வந்து மறுபடி குறுக்கே நின்றார். 1944இல் நோயாளிகளுக்கு விடுப்புக் கிடைக்கும்வரை வேலைக்குப் போக மாட்டோம் என்று எல்லோரையும் உட்கார வைத்தார். ஜப்பானிய முகாமில் வேலைநிறுத்தம்! அவரை ஒமோரி முகாமுக்கு அனுப்பி மறுபடி அடித்தார்கள். இதற்கிடையில் யார் யாரை அடித்தான், யார் எப்போது செத்தான் என்று ரகசியமாக நாட்குறிப்பும் எழுதிவந்தார். போர்க்குற்ற விசாரணையில் அந்த நாட்குறிப்புகள் சாட்சியாயின.

1945 ஆகஸ்ட் 27 அன்று விடுதலை. பின்னால் தான் படித்த ராணுவக் கல்லூரிக்கே தலைவரானார். முப்படைகளையும் ஒன்றாக்கும் அரசுத் திட்டம் பிடிக்காமல் 1967இல் வேலையை விட்டு வெளியேறினார். காவலன் எதிரே அடங்காத மனிதர் மந்திரி எதிரே அடங்குவாரா? 2004 செப்டம்பரில், 89 வயதில், கிங்ஸ்டனில் மறைந்தார்.

ஸ்குவாட்ரன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கொக்கலவிலிருந்து அட்டு, டீகோ கார்சியா, மொரிஷியஸ், ஏடன் என்று கடல் முழுக்கக் காவல் பறந்தது. 1945இல் கலைத்தார்கள். பிறகு வெவ்வேறு வேலைகளோடு திரும்பத் திரும்ப உயிர் பெற்று, இன்று நோவா ஸ்கோஷியாவின் கிரீன்வுட்டில் கடலில் தத்தளிப்பவர்களைத் தேடி மீட்கிறது. சின்னத்தில் யானைத் தலை, செல்லப்பெயர் ‘டஸ்கர்’. பனியில் வாழும் கனடாக்காரர்களுக்கு யானை எங்கே கிடைத்தது என்று இனி நீங்கள் கேட்க மாட்டீர்கள்.

அந்த யானைச் சின்னத்துக்குப் பின்னால் இன்னொரு பெயரும் உண்டு. ரே தாமஸ். அதே 413, அதே கேடலினா, அதே வேலை. அவரும் நகுமோவைக் கண்டார், அவரும் செய்தி அனுப்பத் தொடங்கினார், அவர் செய்தியும் நடுவிலேயே நின்றது. பிர்ச்சாலுக்குக் கிடைத்த பட்டமும் நாற்பது ஆண்டுச் சொற்பொழிவுகளும் அவருக்குக் கிடைக்கவில்லை. அவரும் அவர் ஆட்களும் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அது நடந்தது ஏப்ரல் 9 காலை. முந்தின நாள் பிற்பகல் நகுமோ கிழக்கே மறுபடி தென்பட்டதும் திருகோணமலைத் துறைமுகத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். தன் விமானங்களைச் சீனன்குடாவிலேயே விட்டுவிட்டு, வெறும் தளத்தோடு ‘ஹெர்மிஸ்’ விமானந்தாங்கிக் கப்பல் அன்றிரவு தெற்கே கிளம்பியது. மட்டக்களப்புக் கடலில் அதற்கு நேர்ந்ததையும், தாமஸ் கடைசியாக எதைப் பார்த்தார் என்பதையும் அடுத்த வாரம் சொல்கிறேன்.

(தொடரும்)