கோப்புறை

பூக் கோப்பது, மணி கோப்பது என்கிறோமே, அந்தக் ‘கோ’ என்ற வினையில் பிறந்ததுதான் கோப்பு. தாளின் மூலையில் துளையிட்டு, டேக் நூலைச் செருகி முடிச்சுப் போடும் அலுவலக மேசையில் அந்தப் பொருள் இன்றும் கண்முன் நிற்கிறது. உறை என்றால் மூடி வைப்பது: வாளுறை, தலையணை உறை. இரண்டும் சேர்ந்து கோப்புறை. எவ்வளவு பொருத்தமான சொல்!

கணினியில் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் இடத்துக்கும் இதே பெயர்தான். கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்துக்குள் பகிர்ந்த கோப்புறையைத் திறக்க, விண்டோஸ் கணினியில் கோப்புறைச் சாளரத்தின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடுகளும் அது இருக்கும் கணினியின் பெயரும் போதும். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையிலிருந்து திறக்க வேண்டுமானால், இரண்டு இடங்களையும் முதலில் ஒரே வலையமைப்பில் கோக்க வேண்டும். படிக்க ஓர் அனுமதி, திருத்த வேறு அனுமதி.